காற்று வருவதை ஒப்புக்கொள்கிறேன்

எங்கள் வடக்குப்பட்டில் குளிர்காலம் ஜனவரி பதினேழாம் தேதி காலை பத்தே முக்கால் மணிக்குத் தொடங்கியது. அதற்கு முன்பு எங்கள் ஊரில் குளிர்காலம் இருந்ததற்கு எந்தக் கோப்பிலும் ஆதாரம் இல்லை. மார்கழியில் விடிகாலையில் கொஞ்சம் பனி விழும். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் காதை மூடி கர்ச்சீப் கட்டிக்கொள்வார்கள். எட்டு மணிக்கு வெயில் வந்ததும் அதையே அவிழ்த்து வேர்வை துடைத்துக்கொள்வார்கள். இதைக் குளிர்காலம் என்று வெளியில் சொல்லிக்கொள்ள எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

அந்தக் குறையைப் போக்கத்தான் பருவகால எரிசக்திச் சிக்கன இயக்ககம் என்று ஒன்று தொடங்கினார்கள். ஆண்டு முழுவதும், பருவந்தோறும், இல்லந்தோறும் மின்சாரத்தைச் சேமிப்பது எவ்வாறு என்று மக்களுக்கு எடுத்துரைப்பது அதன் தலையாய நோக்கம். நோக்கத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மின்சாரம் மிச்சமாக வேண்டியதுதான். ஒரகடம் ரோட்டில் இருட்டிய பிறகு போனால், இரண்டு பக்கமும் கம்பெனி விளக்குகள் பகல் மாதிரி எரியும். ஆனால் கம்பெனிக்குள் போகவேண்டும் என்றால் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்திவிடுவார். வீட்டுக்குள் போக யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே திட்டத்தை வீடுகளிலிருந்து தொடங்குவது என்று கொள்கை முடிவு எடுக்கப்பட்டது.

கொள்கை முடிவுக்கு முன்பு அதிகாரிகள் பத்துப் பேர் பதினொரு நாள் வெளிநாடு போய் ஆராய்ந்தார்கள். வருஷத்தில் ஏழு மாசம் பனி மூடிக் கிடக்கிற நாடு அது. அங்கே வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற கையேட்டை வாங்கி வந்து, ஒரு சொல் விடாமல் தமிழில் பெயர்த்து, அட்டையில் மட்டும் ஒரு கோலம் போட்டு அச்சடித்தார்கள். அதன்படி வருஷத்துக்கு நான்கு பருவங்கள். குளிர்காலம், வசந்த காலம், கோடை காலம், இலையுதிர் காலம். மழைக்காலத்தைக் காணோமே என்று யாரோ கேட்டதற்கு, கையேட்டில் இல்லாத பருவத்துக்கு நிதி ஒதுக்கீடு கிடையாது என்று பதில் வந்தது.

ஊருக்கு ஒரு முன்மாதிரி இல்லம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் தணிகாசலம் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டுக்கும் அந்தத் தகுதி இல்லை. நான் அவனுடைய எதிர் வீட்டுக்காரன். வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்தால் அவன் வீட்டில் நடக்கிறது பூராவும் தெரியும். எனக்கும் வேறு வேலை கிடையாது. ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தணிகாசலம் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் பதினொரு வருஷமாக லைன் சூப்பர்வைசர். அங்கே ஜப்பான்காரர்கள் சொல்லிக்கொடுத்த ஒழுங்குமுறையெல்லாம் அவன் தலைக்கு ஏறி, அங்கேயிருந்து வீட்டுக்கும் இறங்கிவிட்டது. சமையலறைச் சுவரில் கரண்டி மாட்டுகிற இடத்தில் கரண்டியின் படம் வரைந்திருக்கும். ஃபிரிட்ஜைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். ஹாலில் ஒரு போர்டு. அதில் "இவ்வீட்டில் விபத்தில்லா நாட்கள்" என்று போட்டு தினமும் ஒரு எண்ணைக் கூட்டி எழுதுவான். முப்பது நாள் உபயோகப்படாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி அப்புறப்படுத்த வேண்டும் என்பது கம்பெனி விதி. அவன் மாமனார் ஒரு தடவை வந்து ஒரு மாசம் தங்கினார். முப்பத்தோராம் நாள் காலையில் அவர் உட்காருகிற நாற்காலியில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. மனிதர் காபி கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. அதில் இசக்கிபாண்டி, வனமாமலை என்று இரண்டு திருநெல்வேலிப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு பேருக்கும் தணிகாசலத்தின் கம்பெனியிலேயே தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில் காண்ட்ராக்ட் வேலை. வனமாமலைக்குக் காலை ஷிப்ட். இசக்கிபாண்டிக்கு நிரந்தரமாக ராத்திரி ஷிப்ட். ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுப்பான். அந்தப் பாய்க்கு மட்டும் லீவே கிடையாது.

பிரஸ் மெஷினில் கண் அசந்தால் விரல் போய்விடும். அதனால் கம்பெனியில் கண்டிப்பு அதிகம். தூங்கி வழிந்தாலோ சொல்லாமல் மட்டம் போட்டாலோ எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது கடிதம் வந்தால் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டுவிடுவார்கள். இந்த வருஷத்தை ஒழுங்காக ஓட்டிவிட்டால் இசக்கிபாண்டியை நிரந்தரமாக்கும் பட்டியலில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பகலில் தூக்கம்.

ஜனவரி பதினேழாம் தேதிக்கு வருவோம். அன்றைக்கு ஜீப்பில் வந்து இறங்கியவர் திரு. வசந்தகுமார். இயக்ககத்தின் உதவி இயக்குநர், பருவங்கள். கோட்டும் கழுத்தில் மஃப்ளரும் போட்டிருந்தார். நெற்றியில் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. அவரை நான் கெட்டவர் என்று சொல்லவே மாட்டேன். அவ்வளவு சிரத்தையான மனிதரை நான் பார்த்ததில்லை. அதுதான் எங்கள் துரதிர்ஷ்டம்.

"இப்போது என்ன பருவம்?" என்று கேட்டார்.

"தை மாசம் சார்," என்றான் தணிகாசலம்.

"மாதத்தைக் கேட்கவில்லை. பருவம்."

தணிகாசலம் பெண்டாட்டியைப் பார்த்தான். "பொங்கல் முடிஞ்ச கையோட கீது சார்," என்றாள் மஞ்சுளா.

"குளிர்காலம்," என்று அறிவித்துவிட்டு வசந்தகுமார் படிவத்தில் எழுதிக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் ஊரில் குளிர்காலம். "உங்கள் இல்லத்தில் ஹீட்டர் எத்தனை டிகிரியில் உள்ளது?"

"தண்ணி காய வெக்கிறதா சார்?"

"அறையைக் காய வைப்பது."

"அறை அதுபாட்டுக்குக் காஞ்சிகினுதான் சார் கீது," என்றாள் மஞ்சுளா. "நாங்க இன்னாத்துக்கு அதுக்கு வேற ஒரு மெஷின் வெக்கப் போறோம்?"

வசந்தகுமாரின் முகம் வாடிப்போனது. "பிரிவு மூன்றின்படி குளிர்காலத்தில் ஹீட்டரின் வெப்பத்தை இரண்டு டிகிரி குறைத்து மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் நான் எதை எழுதுவது?"

"ஹீட்டரே இல்லன்னு எழுதுங்க சார். முழுசா மிச்சம்தானே?"

"அம்மா, ஹீட்டர் இல்லாதவர் எதையும் சேமிக்கவில்லை. அவர் வெறுமனே இருக்கிறார். செலவு செய்கிறவர் குறைத்தால்தான் அது சேமிப்பு. நீங்கள் இதுவரை ஒன்றும் சேமிக்காமல் காலம் கழித்திருக்கிறீர்கள்."

தணிகாசலத்துக்கு அவமானமாகப் போய்விட்டது. கம்பெனியிலும் இதே கதைதான். முதலிலிருந்தே ஒழுங்காக ஓடுகிற லைனுக்குப் பரிசு கிடையாது. குப்பையாகக் கிடந்து திருந்துகிற லைனுக்குத்தான் பரிசு. அந்த ஞாயம் புரிந்ததும் அவன் நேரே ஒரகடத்துக்கு வண்டியை விட்டான். அங்கே அடுக்குமாடியில் குடியிருந்த கொரியா நாட்டு அதிகாரி ஒருவர், நம் ஊரைப் பற்றித் தெரியாமல் ஒரு ஹீட்டரைக் கொண்டுவந்து, தெரிந்த பிறகு பரணில் போட்டிருந்தார். அதைக் கேட்டு வாங்கிவந்தான்.

மறுநாள் வீட்டுக்குள் முப்பத்தொரு டிகிரி இருந்தது. ஹீட்டரை முப்பத்தாறில் வைத்து ஓடவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து வசந்தகுமார் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். தணிகாசலம் அதை முப்பத்து நான்குக்குக் குறைத்தான். எல்லோரும் கைதட்டினோம். குடும்பத்தோடு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மஞ்சுளாவின் ஸ்வெட்டர் என் வீட்டிலிருந்து போனது. எப்போதோ ஊட்டி டூருக்கு வாங்கினது. அன்றைக்கு எங்கள் ஊர் இரண்டு டிகிரி சேமித்தது. கீழே ஹீட்டர், மேலே வெயிலில் காய்ந்த சிமெண்ட் ஷீட், நடுவில் இசக்கிபாண்டி.

வசந்த காலம் மார்ச் முதல் தேதி சுற்றறிக்கை வழியாக வந்தது. ஜன்னல்களைத் திறந்துவைத்து மலர்களின் நறுமணம் கலந்த தென்றலை அனுமதிக்கவும் என்று அதில் இருந்தது. அனுமதித்தோம். கண்டெய்னர் லாரிகள் எழுப்பிய செம்மண் தூசி முழுவதும் தடையின்றி உள்ளே வந்தது. இரண்டு வாரம் ஊரே இருமியது. வசந்த காலம் நல்லபடியாக நிறைவேறியதாக அறிக்கை போனது.

கோடையில்தான் இசக்கிபாண்டி வகையாக மாட்டினான்.

மே மாசம், காலை பதினொரு மணி. வசந்தகுமார் ஆய்வுக்கு மாடி ஏறினார். அறையில் இசக்கிபாண்டி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வசந்தகுமார் வாசற்படியில் நின்று கையேட்டைப் புரட்டினார். "பிரிவு ஏழு. ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடலாகாது."

"ஆளு கீறான் சார்," என்றான் தணிகாசலம். "அதோ, இசக்கி."

"அவர் இருக்கிறாரா, தூங்குகிறாரா?"

"தூங்கிகினு இருக்கான்."

"இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்." பிறகு அவரே அறையைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார். "ஐயா, மின்விசிறி ஓடுவது தங்களுக்குத் தெரிகிறதா?"

இசக்கிபாண்டி குறட்டை விட்டான்.

"பதில் இல்லை," என்று எழுதிக்கொண்டார்.

"சார், அவன் ராத்திரி ஷிப்ட் பார்த்துட்டு வந்திருக்கான். ஃபேன் இல்லாட்டி எப்பிடி தூங்குவான்?" என்று மஞ்சுளா கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

"ஃபேன் ஓடுவதே அவருக்குத் தெரியவில்லையே அம்மா. தெரியாத ஒன்றை ஒருவர் எப்படி அனுபவிக்க முடியும்? நானாக எந்த முடிவுக்கும் வரமாட்டேன். மேலிடத்தில் தெளிவுரை கேட்கிறேன்."

ஒன்பதாம் நாள் தெளிவுரை வந்தது. அதை நான் என் கண்ணால் படித்தேன். "உறக்கத்தில் இருக்கும் நபர், மின்விசிறியின் இயக்கத்தை உணரும் நிலையில் இல்லாததால், பயனாளி என்ற வரையறைக்குள் வரமாட்டார். எனினும் மனிதாபிமான அடிப்படையில், மேற்படி நபர் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை, தமக்குக் காற்று வருவதை எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளும் பட்சத்தில், அடுத்த அரை மணி நேரத்துக்கு மின்விசிறி ஓட ஆட்சேபணை இல்லை. ஒப்புகை பெறப்படாத மின்விசிறிகள் கழற்றப்பட்டு அலுவலகப் பாதுகாப்பில் வைக்கப்படும்."

மனிதாபிமானம் என்ற சொல்லைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. அந்தச் சொல் வருகிற காகிதம் எதுவும் மனிதனை உருப்படியாக விட்டு நான் பார்த்ததில்லை.

தணிகாசலத்துக்கோ ஒரே குஷி. கம்பெனியில் மணிக்கு மணி உற்பத்தி எழுதுகிற தாளைப் போலவே கட்டம் போட்டு ஒரு பதிவேடு தயார் பண்ணினான். தேதி, நேரம், காற்று வருகிறதா, கையொப்பம். பேனாவை நூலில் கட்டி அறை வாசலில் தொங்கவிட்டு, சுவரில் பேனாவின் படத்தையும் வரைந்தான். அவன் டூட்டிக்குப் போய்விடுவதால், எழுப்புகிற பொறுப்பு மஞ்சுளாவுக்கு வந்தது.

முதல் நாள் ஏழரைக்கு மாடி ஏறினாள். "தம்பி. தம்பி, எழுந்திரு. ஒரு கையெழுத்து."

இசக்கிபாண்டி பதறி எழுந்தான். "என்ன மதினி? வீட்டுல எதும் ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆவல. காத்து வருதான்னு கேக்கச் சொன்னாங்கோ."

"வந்துச்சு மதினி. நீங்க எழுப்புனதுல இப்ப வேர்த்துட்டு."

"அதெல்லாம் எழுத எடம் இல்லப்பா. வருதுன்னு போட்டு கையெழுத்து வை."

எட்டு மணிக்கு மறுபடி. எட்டரைக்கு மறுபடி. மூன்று மணி வரைக்கும் பதினாறு தடவை. சாயங்காலம் அவன் வெளியே வந்தபோது கண் இரண்டும் கோவைப்பழம் மாதிரி இருந்தது. என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டான். சொன்னேன். அதற்கும் கையெழுத்துப் போடவேண்டுமா என்று கேட்டான்.

பத்தே நாளில் முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மெஷின் பக்கத்தில் நின்றபடியே தூங்கியிருக்கிறான். நல்ல வேளை, பக்கத்து ஆள் சட்டையைப் பிடித்து இழுத்தான். விரல் தப்பித்தது.

அன்றைக்கு மஞ்சுளா புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாய்யா மனுசன் நீ? அந்தப் புள்ள ராத்திரி பூரா மெஷினாண்ட நிக்குது. இங்க வந்தா நாம எழுப்பி எழுப்பிச் சாவடிக்கிறோம். கை போச்சுன்னா நீ குடுப்பியா?"

"சிஸ்டம்னா சிஸ்டம்தான் மஞ்சுளா. முன்மாதிரி இல்லம்னு போர்டு வரப் போவுது. வாசல்ல மாட்டலாம்."

"மாட்டு. என் கழுத்துல மாட்டு."

மறுநாளிலிருந்து மஞ்சுளா மாடி ஏறவில்லை. பதிவேட்டைக் கீழே கொண்டுவந்து, பருப்பு வேகிற நேரத்தில் அவளே பதினாறு கையெழுத்தும் போட்டுவிடுவாள். இசக்கிபாண்டிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. எனக்கு அவள் மேல் அப்போது வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் வசந்தகுமார் லேசுப்பட்டவரா?

பதிவேட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கடந்த வாரக் கையொப்பங்கள் கோணலாகப் போய்க் கட்டத்துக்கு வெளியே விழுந்திருக்கின்றன. இந்த வாரக் கையொப்பங்கள் அச்சுப் போல இருக்கின்றனவே?"

"நல்லா தூங்கினான் சார்," என்றாள் மஞ்சுளா அவசரமாக. "அதான் கையி தெளிவா கீது."

"நன்றாகத் தூங்கினாரா?"

"ஆமா சார், அசந்து தூங்கினான்."

"அப்படியானால் கையொப்பமிட்டது யார்?"

அன்று மாலையே மின்விசிறியைக் கழற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். பதினொரு நாள் அது அலுவலகத்தில் பாதுகாப்பாக இருந்தது. அதைப் பாதுகாத்த ஊழியர் புழுக்கம் தாங்காமல் அங்கேயே மாட்டி ஓடவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். இங்கே அக்கினி வெயிலில், ஷீட்டுக்கு அடியில், இசக்கிபாண்டி ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு புரண்டான். இரண்டாவது எச்சரிக்கை வந்து சேர்ந்தது. மின்விசிறி திரும்பி வந்ததும் மஞ்சுளாவிடம் அவனே சொன்னான். "நீங்க எழுப்பிருங்க மதினி. உங்களுக்கு எதுக்கு வம்பு?"

அவள் எழுப்பினாள். ஒவ்வொரு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவாள்.

ஆகஸ்டில் திட்டம் மகத்தான வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். வெற்றி பெற்ற திட்டத்தை ஒரே வீட்டோடு நிறுத்த முடியாதல்லவா? ஊரில் வாடகைக்கு விட்டிருக்கிற அறுபத்திரண்டு அறைகளுக்கும் பதிவேடு வந்தது. என் வீட்டு மாடி அறைக்கும் ஒன்று. அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அப்போதுதான் அநியாயம் கண்ணில் பட்டது. அறுபத்திரண்டு வீட்டுக்காரர்களும் கூடி, தூங்குகிறவனை எழுப்பும் இந்த முறையை ரத்து செய்யக் கோரி மனு எழுதினோம். எழுதினவன் நான்தான். உணர்ச்சிகரமாகவே எழுதியிருந்தேன். மனு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

அக்டோபர் பிறந்ததும் இலையுதிர் காலம். வீட்டின் கதகதப்பு வெளியே கசிந்துவிடாதபடி ஜன்னல் இடுக்குகளை அடைக்கவும் என்று உத்தரவு. அடைத்தோம். இலை ஒன்றும் உதிரவில்லை. அதற்குப் பதிலாக, நிதி ஒதுக்கீடு இல்லாத பருவம் நவம்பர் கடைசியில் வந்து சேர்ந்தது.

மூன்று நாள் விடாத மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டிவி அணைந்தது. எங்கள் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நின்றதால், ஆபத்து வேண்டாம் என்று ஊர் முழுவதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். கம்பெனிகள் மட்டும் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்ஸும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. வனமாமலையை ஓ.டி. என்று சொல்லி உள்ளேயே நிறுத்திக்கொண்டார்கள்.

இசக்கிபாண்டி அன்றைக்குக் காலை ஏழு மணிக்குத் தண்ணீரில் நடந்து வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு படுத்தான். கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் மின்விசிறி ஓடவில்லை. மின்விசிறி ஓடாததால் ஒப்புகை தேவையில்லை. ஒப்புகை தேவையில்லாததால் அவனை எழுப்ப ஆள் இல்லை. ஷீட்டின் மேல் மழை கொட்டியது. அறை ஜில்லென்று இருந்தது. மின்விசிறி திரும்பி வந்த பிறகு முதல் தடவையாக ஏழரை மணி அவனை எழுப்பாமல் கடந்துபோனது.

மஞ்சுளா பத்து மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். குழந்தை மாதிரி சுருண்டு கிடந்தான். தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்குள் வந்த தண்ணீரைப் பார்க்கப் போய்விட்டாள். அரிசி மூட்டையை மேலே தூக்கி வைக்கிறது, தண்ணீரை முறத்தால் வாரி ஊற்றுகிறது என்று அவள் பாடே பெரும்பாடாகிவிட்டது. இசக்கிபாண்டியின் செல்போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. ராத்திரி பஸ் வந்தது, நின்றது, போனது. அவன் மறுநாள் காலை ஆறு மணிக்குக் கண் விழித்தான். இருபத்து மூன்று மணி நேரம். எழுந்ததும் பதிவேட்டைத் தேடினானாம்.

மூன்றாவது எச்சரிக்கை கடிதமாகக் கூட வரவில்லை. போனிலேயே முடித்துவிட்டார்கள். மற்றவர்கள் தண்ணீரில் நீந்தி வந்து வேலை பார்த்தார்கள், நீ தூங்கினாய் என்று சொல்லி, அட்டையைக் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். நிரந்தரப் பட்டியல் வருவதற்கு இன்னும் முப்பத்து மூன்று நாள் இருந்தது. தணிகாசலம் அவனுக்காக மேனேஜரிடம் பேசிப் பார்த்தான். சிஸ்டம்னா சிஸ்டம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஹால் போர்டில் விபத்தில்லா நாட்களின் எண்ணிக்கையைத் தணிகாசலம் கூட்டி எழுதவில்லை. மஞ்சுளா மாடிப்படியில் உட்கார்ந்து, "நான் எழுப்பியிருக்கணும். ஏழு மாசமா எழுப்பினவ, அன்னைக்குப் பார்த்து வுட்டுட்டேனே," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தண்ணீர் வடிந்த மறுநாள் வசந்தகுமார் வந்தார். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "நான்கு நாட்கள். ஒரு யூனிட் கூட இல்லை. ஊர் முழுவதும் பூஜ்யம்!" அவர் குரல் தழுதழுத்தது. "வெளிநாட்டில்கூட இப்படி ஒரு சிக்கனத்தை நாங்கள் பார்க்கவில்லை."

"கரண்டே இல்ல சார்," என்றான் தணிகாசலம்.

"காரணத்துக்கு இதில் கட்டம் இல்லை," என்றார்.

அப்போது இசக்கிபாண்டி பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கினான். ஊருக்குப் போகிறானாம். வசந்தகுமாருக்கு விஷயம் தெரிந்ததும் உண்மையாகவே வருத்தப்பட்டார். சொன்னேனே, அவர் கெட்டவர் இல்லை. பதிவேட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தார்.

"இதுவரை எத்தனை முறை எழுப்பப்பட்டிருக்கிறீர்கள் தெரியுமா?"

"தெரியாது சார். பாதி தூக்கத்துல போட்டது."

"இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினான்கு முறை. இந்தத் துறையில் இவ்வளவு அனுபவம் உள்ளவர் மாநிலத்திலேயே வேறு யாரும் இல்லை. அடுத்த ஆண்டு முதல் ஒப்புகையைச் சேகரிக்க நாங்களே ஆள் நியமிக்கிறோம். உங்களுக்குச் சம்மதமா?"

இசக்கிபாண்டி பெட்டியைக் கீழே வைத்தான். "டூட்டி பகலா, ராத்திரியா சார்?"

"அலுவலக நேரம். பத்து முதல் ஐந்து வரை."

"அப்பம் ராத்திரி தூங்கலாமா?"

"தாராளமாக. அலுவலக நேரத்துக்கு வெளியே யாரும் தூங்குவதில் இயக்ககத்துக்கு ஆட்சேபணை இல்லை."

பையன் அங்கேயே அழுதுவிட்டான்.

இப்போது மறுபடி ஜனவரி, குளிர்காலம். இசக்கிபாண்டியைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. கன்னம் உப்பியிருக்கிறது. கழுத்தில் அட்டை, கையில் பதிவேடு. காண்ட்ராக்ட் வேலைதான் என்றாலும் ஊரில் அவன் அம்மா கவர்மெண்ட் வேலை என்றே சொல்லியிருக்கிறாள். பெண் கொடுக்க மூன்று இடத்திலிருந்து கேட்டுவிட்டார்களாம். கம்பெனியில் அவனுடைய இடத்துக்கு வனமாமலையை ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். போன புதன்கிழமை பத்தரை மணிக்கு மாடியில் சத்தம் கேட்டது.

"லேய் வனமாமல, எந்தி. கையெழுத்துப் போடு."

"இசக்கி, நீயால? நீ பட்டது அதுக்குள்ள மறந்துட்டா?"

"மறக்கல மக்கா. அதாம்ல சொல்லுதேன். சண்ட போடாம வெரசா போட்டேன்னா வெரசா படுத்துக்கலாம். எனக்கு அது புரியவே மூணு மாசம் ஆயிட்டு."

"ஒரு நாளைக்கு நீயே போட்டுக்கயேம்ல. ஒண்ணாத் தின்னு ஒண்ணா உறங்குனவன்தான நீ?"

"கள்ளக் கையெழுத்து எப்படி இருக்கும்னு எங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் தெரியும். போடுல. எனக்கு இன்னும் இருவது ரூம் இருக்கு."

கீழே மஞ்சுளா பாத்திரத்தை நங்கென்று போட்டாள்.

இந்த வருஷம் இன்னும் பதினான்கு பேரை எடுக்கப் போகிறார்கள் என்று இசக்கிபாண்டி சொன்னான். கேட்டதும் நாங்கள் அவசரமாகக் கூடினோம். பதிவேட்டை ரத்து செய்துவிட்டால் அந்தப் பதினான்கு வேலையும் போய்விடுமே. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று கடிதம் எழுதினோம். எழுதினவன் நான்தான். அதிலும் உணர்ச்சி குறைவாக இல்லை. கையோடு, கையெழுத்துப் போட்ட அறுபத்திரண்டு பேரும் வீட்டுக்கு ஒருவர் வீதம் வேலைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். டிப்ளமா முடித்துவிட்டு இரண்டு வருஷமாகச் சும்மா இருக்கிற என் மகன் நிலவனுக்காக நானும் கொடுத்திருக்கிறேன்.

வனமாமலைக்கு முந்தாநாள் முதல் எச்சரிக்கை வந்தது. பாவம்தான். ஆனால் என் கவலை வேறு. அவனுக்கு மூன்றும் வந்து முடிந்தால் அவனும் அனுபவச் சான்றிதழோடு வந்து நிற்பான். நிலவனோ எட்டு மணி நேரம் யாரும் தொடாமல் தூங்கி வளர்ந்த பையன். அவனிடம் என்ன அனுபவம் இருக்கிறது என்று கேட்டால் நான் எதைக் காட்டுவேன்?

அதனால் நேற்றிலிருந்து அவனை அரை மணிக்கு ஒரு தடவை எழுப்ப ஆரம்பித்திருக்கிறேன்.